மூத்திரப் பைக்குப் போர்த்திய துண்டு

முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து நினைவு தெளிந்தால் எல்லாரும் முதலில் காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். நான் போர்வைக்குள் கையை விட்டு வேறொன்றைத் தேடினேன். இருந்தது. சிறுநீர்க் குழாய். தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கட்டிலோரம் தொங்கும் பையில் போய் முடிந்திருந்தது. இதை எடுங்கள், இதை எடுங்கள் என்று எந்த மருத்துவமனையில் காலமெல்லாம் கத்தினேனோ, அதே மருத்துவமனையில், அதே குழாய், எனக்கே.

எப்போது எடுப்பீர்கள் என்று நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன். "இருக்கட்டுமுங்க மேடம். பாத்ரூமுக்கு நடக்க வேண்டியதில்லைல்ல, உங்களுக்குத்தான் வசதி" என்றாள். அவ்வளவு அன்பு. இருக்கட்டுமுங்க! கோயமுத்தூரில் நான் பார்த்த கிருமிகளையெல்லாம் சோறு போட்டு வளர்த்தது இந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் யாரோ என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள். இந்தம்மாதான் பழைய தொற்றுத் தடுப்பு நர்ஸ் புஷ்பா சிஸ்டர் என்று சேதி பரவ, நிர்வாகத்திலிருந்து ஒரு பெண் பூச்செண்டோடு வந்தாள். மருத்துவமனை ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். கொஞ்சம் பாசிட்டிவாக இருந்தால் நல்லதாம். சொல்லிவிட்டு, பூச்செண்டை ஒரு ஜாடித் தண்ணீரில் நிறுத்தி என் தலைமாட்டில் வைத்தாள். அந்தத் தண்ணீரில் என்னவெல்லாம் வளரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பாசிட்டிவாக இருக்கச் சொன்னார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

எழுதுகிறேன். அவர்கள் போடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

சத்தியமங்கலத்தில் பிறந்தேன், கோயமுத்தூரில் நர்சிங் படித்தேன், எல்லா வார்டிலும் கால் தேய நின்றேன். அது எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லும் கதை. தரச் சான்றிதழ் கொடுப்பதற்கு ஆய்வுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்றதும்தான் நிர்வாகத்துக்குத் தொற்று என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. என்னைக் கூப்பிட்டு, இன்று முதல் நீங்கள் தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்றார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கை கழுவும் முறையை விளக்கும் ஒரு படம். இதுதான் துறை. அதன்பிறகு நான் வார்டுக்குள் நுழைந்தாலே டாக்டர்கள் அவசரமாகக் கையில் மருந்தைத் தேய்த்துக்கொள்வார்கள். நான் வெளியே போனதும் நிறுத்திக்கொள்வார்கள். கிருமி என்னோடு வந்து என்னோடு போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் விசாலாட்சி. கிருமிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தின் தலைவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதைதான் ஏறும். "என்னங்க டாக்டர்" என்றால் சாதாரண நாள். "ஏனுங்க டாக்டர், உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா ஒரு சந்தேகம் கேட்டுக்கலாமுங்களா" என்று ஆரம்பித்தால், அங்கே நிற்கிறவர்கள் எல்லாம் எங்கோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவார்கள்.

காலையில் இருவரும் சுற்றி வருவோம். மற்ற டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் கட்டிலுக்குக் கீழே பார்ப்பார். பை கொக்கியில் தொங்குகிறதா, தரையைத் தொடுகிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பை அடிவயிற்றுக்குக் கீழேயே இருக்கிறதா. மூத்திரம் இறங்கத்தான் வேண்டும், ஏறக்கூடாது, அவ்வளவுதான் சாஸ்திரம். பிறகு அந்த வார்டு நர்ஸிடம் ஒரே கேள்வி கேட்பார்: "இது எதுக்குங்க இருக்குது?" பதில் வந்தால் போய்விடுவார். வராவிட்டால் பதில் வரும்வரை சிரித்த முகமாக அங்கேயே நிற்பார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

பரிசோதனைக்கு மூத்திரம் எடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப்பால் கவ்வி வைத்து, அதன் பக்கவாட்டு முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, புது ஊசியால் உறிஞ்ச வேண்டும். சோம்பேறித்தனமாகப் பையைத் திறந்து பிடித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். பையில் ஊறிக் கிடந்ததைச் சோதித்தால் பைக்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்பார்.

நாச்சிமுத்து ஐயா வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். ஆனைமலைப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர். மோட்டார் ரூம் ஓரம் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் அருமையாக நடந்தது. அந்த எலும்பு டாக்டரின் கை அப்படி, அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆபரேஷனுக்காகக் குழாய் போட்டார்கள். மறுநாள் எடுத்திருக்க வேண்டும்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுப் போனேன். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும் என்றார் சின்ன டாக்டர். நடக்க வைத்துவிட்டால் எடுத்துவிடுகிறோம் என்றாள் நர்ஸ். குழாயை எடுத்துவிட்டால் நடக்க வைத்துவிடுகிறேன் என்றார் பிசியோதெரபிக்காரர். பெரிய டாக்டர் திரும்பி வந்தார். நன்றாக இருக்கிறாரே, இருக்கட்டும் என்றார். இப்படி நாலு பேரும் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டிருக்க, குழாய் பாட்டுக்கு உள்ளே இருந்தது.

ஐயாவைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். கோயில் காரியமா, வாய்க்கால் தகராறா, கல்யாணப் பேச்சா, அவர் இல்லாமல் அந்தப் பக்கம் எதுவும் நடக்காது. அப்படிப்பட்டவர் படுத்திருக்கும்போது போய்ப் பார்க்காவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே வேன் வைத்து வந்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ். அவர் மனைவி ராமாத்தாள் ஒவ்வொருவரையும் வாசலில் வந்து வாங்க வாங்க என்று அழைத்து, உட்காரவைத்து, காப்பி வாங்கித் தந்து, வாசல் வரைக்கும் வந்து அனுப்பிவைப்பார். ஸ்பெஷல் ரூம் கல்யாண வீடாகிவிட்டது.

பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. மூத்திரம் கலங்கியது. டாக்டர் விசாலாட்சியின் ஆய்வகத் தட்டில் கிளெப்சியெல்லா என்ற கிருமி கொழகொழவென்று வளர்ந்து நின்றது. எந்த மருந்தை வைத்தாலும் அதற்குப் பொருட்டே இல்லை. நாம் சளிக்கும் தும்மலுக்கும் மருந்துக்கடையில் பேர் சொல்லி வாங்கி முழுங்கியதெல்லாம் அதற்குப் பயிற்சி வகுப்பு. குழாயை எடுங்கள் என்று டாக்டர் விசாலாட்சி சொன்னார். முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்று எலும்பு டாக்டர் விலை உயர்ந்த ஊசி ஒன்றை ஆரம்பித்தார். காய்ச்சல் இறங்கியது. ஐயா எழுந்து உட்கார்ந்து பேசினார். சந்தோஷத்தில் இரண்டு வேன் கூடுதலாக வந்தது. ஊசி முடிந்ததும் காய்ச்சல் திரும்பி வந்தது. அதே கிருமி, இப்போது அந்த ஊசிக்கும் அசையவில்லை.

ஒருவழியாகப் பழைய குழாயை எடுத்துப் புதிது போடுவது என்று சமரசம் ஆயிற்று. எடுத்த குழாயை டாக்டர் விசாலாட்சி வீசவிடவில்லை. தட்டில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து, அந்த ரூமிலேயே எலும்பு டாக்டருக்கும் ஐயாவுக்கும் காட்டினார். உள்பக்கம் முழுக்க வழவழப்பாக ஒரு படலம். பயோஃபிலிம் என்பார்கள். கிருமிகள் குழாயில் ஒட்டிக்கொண்டு, பசை கக்கி, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தத்தில் போகும் மருந்து அந்தப் பசைக்குள் சரியாகப் போய்ச் சேராது. வெளியே நீந்துகிற நாலு கிருமி சாகும், காய்ச்சல் இறங்கும், நாம் கைதட்டுவோம். மருந்து நின்றதும் உள்ளே இருப்பவை மறுபடி புறப்படும்.

ஐயாவுக்கு உடனே பிடிபட்டது. எழுந்து பார்க்கத் தெம்பில்லாமல் கழுத்தை மட்டும் திருப்பி, "நம்ம தோப்புக்குத் தண்ணி உடற டிரிப் குழாயில புடிக்கிற பாசியாட்டவே இருக்குதுங்க. அதுக்கு நாங்க ஆசிட் உடுவோமுங்க. இதுக்கு உட முடியாதுங்களா?" என்றார். முடியாதுங்க என்றார் டாக்டர் விசாலாட்சி. அன்றைக்கு அவர் முகத்தில் நிஜமான சிரிப்பைப் பார்த்தேன்.

புதுக் குழாயும் அடுத்த சில நாளில் கெட்டுப்போனது. இந்த முறை கிருமி ரத்தத்துக்கே போய்விட்டது. ரத்த அழுத்தம் சரிந்தது. கடைசி மருந்து என்று ஒன்று வைத்திருப்போம், கொலிஸ்டின். கிருமியைக் கொல்லும், கூடவே சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதையும் ஆரம்பித்தார்கள். இதற்கு மேல் அலமாரியில் வேறு மருந்து கிடையாது.

புதுக் குழாய் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்பது டாக்டர் விசாலாட்சிக்குப் புரியவில்லை. எங்கள் காலைச் சுற்றில் பை ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கொக்கியில்தான் தொங்கியது. என்னைக் கூப்பிட்டு, சாயங்காலம் அந்த ரூமில் போய்ச் சும்மா உட்கார்ந்திருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றார். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம். போய் உட்கார்ந்தேன்.

பார்வை நேரம் ஆரம்பிக்கப் போகிறது. ராமாத்தாள் எழுந்தார், முகம் கழுவிப் பொட்டு வைத்தார், ஐயாவின் தலையைச் சீவிவிட்டார். பிறகு குனிந்து, கொக்கியிலிருந்து பையைக் கழற்றினார். கட்டிலின்மேல், ஐயாவின் இடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தலையணையில் சாய்த்து வைத்தார். பெட்டியைத் திறந்து, பச்சைக் கரை போட்ட புதுத் துண்டு ஒன்றை எடுத்து, மடிப்புக் கலையாமல் அதன்மேல் போர்த்தினார். அதன்பிறகுதான் கதவைத் திறந்து வாங்க வாங்க என்றார். கூட்டம் போகும்வரை பை அங்கேயே இருந்தது. பையிலிருந்தது குழாய் வழியாகத் திரும்ப அவர் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போகாமல் இருக்கப் பையில் வால்வு உண்டே என்பார்கள். உண்டு, விலைக்கேற்ற வால்வு.

கூட்டம் போனதும் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. "மூத்திரத்தைத் தொங்க உட்டுப்போட்டு பெரிய மனுசங்களை எப்படிங்க வாங்கன்னு சொல்றது? படுத்திருக்கற இவுங்களுக்கு மரியாதையா இருக்குமுங்களா?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. மனுஷனை மரியாதையாலேயே முடித்துவிடப் பார்த்தார்கள்.

டாக்டர் விசாலாட்சி கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வராந்தாவில் எலும்பு டாக்டரை நிறுத்தி, சிரமம் இல்லையென்றால் ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். நான் நகரவில்லை. இனிக் குழாயே வேண்டாம் என்பதுதான் அந்தச் சந்தேகம். இவ்வளவு மோசமாக இருக்கும் நோயாளிக்கு எவ்வளவு மூத்திரம் போகிறது என்று அளந்தாக வேண்டுமே, குழாய் இல்லாமல் எப்படி என்று எலும்பு டாக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு இவர், "அளக்கற கேன் நம்மகிட்ட இருக்குதுங்க டாக்டர். புடிக்கறதுக்குத்தான் ஆள் வேணுமுங்க. புஷ்பா சிஸ்டர் புடிப்பாங்க" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிடித்திருப்பேன்.

ரத்த அழுத்தம் கொஞ்சம் நிலைப்பட்டதும் எடுப்பதென்று முடிவாயிற்று. நான் ஊசியும் தட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயை எடுக்கப் போகிறோம் என்றேன். ராமாத்தாளின் முகம் அப்படியே வெளுத்தது. வந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"வேண்டாமுங்க சிஸ்டர். எங்கண்ணனுக்கு இப்படித்தானுங்க ஒவ்வொரு குழாயா எடுத்தாங்க. எடுத்துப்போட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ளயே உசுரு போயிருச்சுங்க. இருக்கட்டுமுங்க, கையெடுத்துக் கும்புடறனுங்க, அது இருக்கட்டுமுங்க."

அதே வார்த்தை. ஆயிரம் வாயில் கேட்டு எரிச்சல்பட்ட வார்த்தை. அந்த அம்மாள் வாயில் வந்தபோது கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை வாயால் சொல்லத் தைரியமில்லாமல், குழாய்களைக் கழற்றிக் கையில் கொடுத்தனுப்புவது நாங்கள் பழக்கிவிட்ட பழக்கம்தானே? குழாயை எடுத்தால் கைவிட்டார்கள் என்று அர்த்தம் என்று ஜனங்களுக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

டாக்டர் விசாலாட்சி வந்தார். துணைக்கு இருப்பவர்கள் படுக்கும் பெஞ்சில் ராமாத்தாளை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். மரியாதை வார்த்தை எதுவும் வரவில்லை. "அம்மணி, நாங்க கைவிடலை. இந்தக் குழாய்தான் அவரைக் கொண்டுபோகுது. எடுத்தா பொழைப்பாருன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். உட்டா பொழைக்கமாட்டாரு" என்றார்.

படுக்கையிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "எடுக்கட்டும் புள்ள. பாசி புடிச்ச குழாயை எந்தக் குடியானவனாச்சும் வெச்சிருப்பானா?"

ராமாத்தாள் எழுந்து விலகினார். உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையில், குழாய் நுனியில், அது நழுவாமலிருக்க ஒரு சின்ன பலூன் இருக்கும். அதிலுள்ள தண்ணீரை ஊசிக்குழலில் முழுதாக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கிழிக்கும். மூச்சை வெளியே விடச் சொன்னேன். விட்டார். இழுத்தேன். வந்துவிட்டது.

அத்தோடு முடிந்ததா? எடுத்த பிறகு தானாகப் போக வேண்டும். வயசானவர், வீங்கிய புராஸ்டேட் சுரப்பி, இத்தனை நாள் வேலையில்லாமல் இருந்த மூத்திரப்பை. போகவில்லை என்றால் மறுபடி குழாய்தான், மறுபடி கிருமிதான், கொடுக்க மருந்தும் இல்லை. கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிலருக்கு வரும். அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே பார்வை நேரம் வந்துவிட்டது. உள்ளே விடமுடியாது என்றதற்கு, பரவாயில்லை, வெளியவே நிக்கறோமுங்க என்று அத்தனை பேரும் வராந்தாவில் நின்றுகொண்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். மறைத்து மறைத்துப் பார்த்துவிட்டு ராமாத்தாள் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆனைமலையின் பெரிய மனிதர்கள் எல்லாம் ஆப்பிள் பையோடு, ஐயா மூத்திரம் போவதற்காகக் காத்து நின்றார்கள். நடுநடுவே கதவு ஒரு விரல் திறக்கும். ஆச்சுங்களா? இன்னும் இல்லைங்க. கதவு மூடும்.

இருட்டுகிற நேரத்தில் கேனுக்குள் சத்தம் கேட்டது. கொஞ்சம்தான். கலங்கல்தான். ஆனால் தானாக வந்தது. ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் அளந்து எழுதப் போவதற்காகக் கேனும் கையுமாக வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. முன்னால் நின்ற பெரியவர் பழக்கதோஷத்தில் கேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஏற்றுக்கொண்டேன்.

ஐயா பிழைத்தார். காய்ச்சல் போனது, திரும்பி வரவில்லை. மருந்து தன் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவேயில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் உணவு ஆலோசகர் என்னவெல்லாம் சாப்பிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிறுநீரகம் தாங்காது, இளநீர் கூடாது என்றதும் ஐயா, எத்தனை நாளைக்கு என்று கேட்டார். எப்போதுமே கூடாது என்றார் அவர். தோப்பு தோப்பாகத் தென்னை வைத்திருக்கும் மனிதர் சரிங்க என்று தலையாட்டினார். பிளந்த குழாயின் படத்தைப் போட்டு எலும்பு டாக்டர் பிற்பாடு ஒரு கருத்தரங்கில் பேசிப் பாராட்டு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். பச்சைக் கரைத் துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

இப்போது என் கட்டிலுக்கு வருகிறேன். பூச்செண்டு வந்த அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் ரூம் நிறைய சொந்தக்காரர்கள். என் அண்ணி எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். பை கட்டிலின்மேல் என் இடுப்போரம் இருந்தது. நிர்வாகம் பூச்செண்டோடு தந்துவிட்டுப் போன சால்வையால் அழகாக மூடியிருந்தது. காலோ அசையவில்லை, கை எட்டவில்லை. கீழே இறக்குங்கள் என்றேன். ஆளுக வந்திருக்காங்கல்ல, போகட்டும் என்று அண்ணி கண்ணால் அடக்கினார்.

அப்போதுதான் ஐயாவும் ராமாத்தாளும் வந்தார்கள். ஐயா கைத்தடி ஊன்றி, இளநீர்க் குலை தூக்கிய டிரைவரை இன்னொரு கையால் இழுத்துக்கொண்டு. ராமாத்தாள் என்னைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சால்வையை எடுத்து மடித்து அண்ணி கையில் கொடுத்தார். பையை எடுத்து, குனிந்து, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற பக்கமாகக் கொக்கியில் மாட்டினார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கட்டுமுங்க" என்றார்.

ஐயா வாசலில் நின்ற நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டார். "ஏனுங் கண்ணு, இது எதுக்கு இருக்குது?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. ஐயா சிரித்த முகமாக அங்கேயே நின்றார். அவள் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். சாயங்காலத்துக்குள் குழாய் போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு ஐயா ஓர் இளநீரைச் சீவச் சொல்லி, டம்ளரில் ஊற்றி, தன் கையாலேயே என்னிடம் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் ரூமோரத்து மரமுங்க சிஸ்டர், நான் வெச்சது" என்றார். "இன்னும் இனிப்பா இருக்குதுங்களா?"

இருக்குதுங்க ஐயா என்றேன்.

அவர் ராமாத்தாள் பக்கம் திரும்பி, "இனிப்பாத்தான் இருக்குதாம் புள்ள" என்றார்.